எழுதுகோல் ஏந்திய தொண்டர்கள்



ஒழுக்கத்தைப் பற்றியும் நேரந்தவறாமையைப் பற்றியும் கடந்த ஆண்டு மலர்களில் எழுதிவிட்டேன். இம்முறை, நெடுநாளாக என் மனத்தை உறுத்திவரும் ஒரு வினாவைப் பற்றி எழுத விழைகின்றேன். அதனை என்னிடம் கேட்டவர் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தியின் தந்தையார்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7 முதல் 13 வரை கோலாலம்பூரில் ஒன்பதாவது உலக நகர்ப்புற மன்றம் கூடிற்று. ஐக்கிய நாடுகள் நிறுவனம் நடத்தும் அப்பெருமாநாட்டிற்கு 20,000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். அமைச்சர்களும் நகரத் தலைவர்களும் அறிஞர்களும் குடியிருப்பு, போக்குவரத்து, வெள்ளம், பருவநிலை மாற்றம் எனப் பலவற்றையும் ஆராய்ந்தனர். இளைஞர்களுக்கெனத் தனிப் பேரவையும் நடந்தது. கல்லூரி மாணவர் பலர் தொண்டர்களாகப் பணியாற்றினர். அவர்களுள் ஒருத்திதான் நம் மாணவி. ஓர் அறையின் மூலையில் அமர்ந்து, யார் என்ன கூறினார் என்பதைக் குறித்துக்கொண்டு, மாலையில் தோழியரின் குறிப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, வர இயலாத நண்பர்களுக்கு அனுப்பி வைப்பது அவளது வேலை.

“ஐயா, இத்தனை நாள் சம்பளமில்லாமல் பிறர் பேசியதை எழுதிக்கொண்டு இருந்தாளாம். இதற்காகவா கடன் வாங்கிப் படிக்க வைத்தேன்?” என்று தந்தையார் கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இன்று அவருக்கு விடை கூற முயல்கின்றேன்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்காலி அடுக்கவும், தேநீர் கொடுக்கவும், கைதட்டவும், படத்தில் நிற்கவும் மட்டுமே இளைஞர்களை அழைக்கும் கூட்டங்கள் உண்டு. அவற்றிற்கு நம் பிள்ளைகள் போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால், குறிப்பெடுப்பவர் நிலை வேறு. 1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ரியோ நகரப் புவி மாநாட்டிற்கான ஆயத்தக் கூட்டம் நியூயார்க்கில் நடந்தபோது, பமேலா சேசக் உள்ளிட்ட மூவர், அன்றன்று நடந்த பேச்சுகளைச் சுருக்கி எழுதி எல்லாருக்கும் வழங்கத் தொடங்கினர். அவர்கள் எந்த நாட்டின் பேராளரும் அல்லர். அடுத்த அறையில் என்ன நடந்தது என்பதை அறிய, பெரிய நாடுகளின் பேராளர்களே அத்தாளைத் தேடிப் படிக்கலாயினர். அந்த இதழ் இன்றளவும் வெளிவருகின்றது. பேசியவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது?

நிற்க. அம்மாணவி ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து, தன் குறிப்பேட்டிலிருந்து ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழில் எடுத்துரைத்தாள். சிமெண்டும் தாரும் பகல் வெப்பத்தை உள்வாங்கி இரவில் வெளியிடுவதால் நகரம் குளிராமல் போவதையும், மண் குடிக்க வேண்டிய மழைநீர் கல்தரையில் வழிந்து ஒரே நேரத்தில் ஆற்றில் விழுவதையும் பிள்ளைகள் வாய்திறந்து கேட்டனர். முடிவில் ஒரு சிறுவன் எழுந்து, “அக்கா, நம் தோட்டத்தைப் பற்றி அங்கே யாராவது பேசினார்களா?” என்றான். அவள் உண்மையாகவே தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “இல்லை, தம்பி” என்றாள்.

ஏன் இல்லை? நம்மைப் பற்றி எழுதி வைத்தது எதுவும் நம்மிடம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. நான் வளர்ந்த தோட்டத்தில், ஆபீசுக்கு முன்னே புல்தரையில் மழைமானி ஒன்று நின்றது. கிராணி காலைதோறும் அதிலுள்ள நீரை அளந்து தடித்த புத்தகம் ஒன்றில் எழுதுவார். பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் வருமானம் குறையும். ஆகையால் மழைக் கணக்கு எங்கள் வீட்டுச் சோற்றுக் கணக்காகவும் இருந்தது. பல்லாண்டு மழை அப்புத்தகங்களில் நாள்தவறாமல் பதிந்திருந்தது. தோட்டம் கைமாறியபோது, அவற்றை ஆபீசின் பின்புறம் குவித்துத் தீ வைத்தனர். பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லூரியில் பதிவேடு காக்கும் முறையைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு புத்தகத்தையேனும் இழுத்து எடுக்க வேண்டும் என்று எண்ணவில்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியதென அதிகாரிகள் கூறினர். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. தோட்டத்தை விட்டு நகரத்திற்குக் குடியேறிய நம்மவர்களும் அங்கே கூரைமேல் காத்திருந்தனர். இங்கேயும் லயத்தின் பின்வரிசையில் நீர் புகுந்தது. “இப்படி முன்பு வந்ததுண்டா?” என்று கேட்க வந்தவர்களுக்கு நம் முதியவர்கள் ஆளுக்கொரு ஆண்டைச் சொன்னார்கள். வந்தவர்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அதே 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கனடாவின் எட்மண்டன் நகரில், நகரங்களும் பருவநிலை மாற்றமும் பற்றிய அறிவியல் மாநாடு நடைபெற்றது. நகரங்களைப் பற்றிய தகவல்கள் இன்னும் பெருக வேண்டும் என்பது அறிஞர்கள் அவ்வாண்டில் முன்வைத்த கருத்துகளுள் ஒன்று. அத்தகைய தகவல், ஒரு சிறுமி குச்சியில் கோடிட்டு நீரை அளப்பதிலிருந்தும் தொடங்கலாம். ஆகவே, ஐயா, தங்கள் மகள் செய்தது வீண்வேலை அன்று. அவள் தன் குறிப்பை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டிருந்தால் மட்டுமே நான் குறை கூறியிருப்பேன்.

நம் பள்ளித் திடலில் இப்பொழுது மழைமானி ஒன்றை நட்டுள்ளோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முறைவைத்து நாள்தோறும் காலையில் அளக்கின்றனர். முதல் வாரத்தில் இருவர் பார்க்காமலே எழுதிவிட்டனர். அதற்குத் தண்டனை தராமல், “பார்க்கவில்லை” என்றே அந்நாட்களுக்கு எதிரில் எழுதச் சொன்னேன். பள்ளி விடுமுறை நாள்களில் அளப்பதற்குப் பெற்றோர் இருவர் தேவைப்படுகின்றனர். மேலும், எவர் வீட்டிலேனும் பழைய தோட்டத்து மழைப் புத்தகமோ, வெள்ளத்தின்போது எடுத்த படமோ, நீர் ஏறிய அளவைக் குறித்த நாள்காட்டித் தாளோ இருக்குமாயின், அதைப் பள்ளி அலுவலகத்தில் ஒரு நாள் கொடுத்துதவுமாறு வேண்டுகிறேன். படியெடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தருவோம்.