கற்றுக்கொடுக்க நேரமில்லாத வார்டு

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டதும் செவிலியர் படிப்பு கைப்பேசிக்குள் போயிற்று. உடற்கூறியல், மருந்தியல் வகுப்புகள் ஜூமிலும் கூகுள் மீட்டிலும் நடந்தன. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால், தம்பியின் வகுப்பு முடிந்த பிறகே மாணவிக்கு முறை வந்தது. அப்படியும் பாடம் எப்படியோ நடந்தேறியது. நின்றுபோனது கிளினிக்கல் போஸ்டிங். நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய மாதங்களை அந்த மாணவிகள் திரைக்கு முன்னால் கழித்தார்கள்.

இணையவழிக் கல்வி நல்லதா கெட்டதா என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. அதற்கு விடை தேட வேண்டிய இடம் வார்டு. இதயத்தின் நான்கு அறைகளை அசையும் படமாகத் திரையில் பார்க்கும் மாணவி கரும்பலகையில் பார்ப்பதைவிட எளிதாகப் புரிந்துகொள்வாள். வேண்டுமென்றால் இரவில் இன்னொரு முறையும் போட்டுப் பார்க்கலாம். நீரிழப்பால் சுருங்கிய முதியவரின் கையில் ரத்தநாளத்தைத் தடவித் தேடி கேனுலா போடுவதை அந்தத் திரை கற்றுத் தராது. அதைக் கற்றுத்தர வேண்டியவர் வார்டில் இருக்கும் மூத்த சிஸ்டர்.

அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய கவுன்சில் 10 கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வை இங்கே பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்கு ஒதுக்கினாலும் மாணவர்களின் திறன் குறையவில்லை என்றது அந்த ஆய்வு. அதன் நிபந்தனைகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், தேவையான கருவிகள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் உட்கார்ந்து அலசும் நேரம் ஆகிய மூன்றும் அந்தக் கல்லூரிகளில் இருந்தன. ஒரு வீடியோ லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டு லாக் புக்கில் கையெழுத்துப் போடுவதற்கு அந்த ஆய்வு சான்றாகாது.

வார்டில் கற்றுத்தர வேண்டிய அந்த மூத்த சிஸ்டருக்கு நேரம் இருக்கிறதா? பொது வார்டில், பயிற்சி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நைட் டியூட்டியில் முப்பது படுக்கைகளைத் தனியாகப் பார்த்த அனுபவம் இவ்விதழின் வாசகர்கள் பலருக்கு இருக்கும். அந்த இரவில் மருந்து கொடுத்து, வைட்டல்ஸ் எடுத்து, கேஸ் ஷீட் எழுதி முடிப்பதற்குள் விடிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் மாணவிக்குக் கற்றுக்கொடுப்பது அங்கே நடக்காது. அவள் எடுபிடியாகத்தான் ஓடிக்கொண்டிருப்பாள்.

பணிச்சுமை எவ்வளவு தூரம் பாயும் என்பதை லிண்டா ஐக்கனும் சக ஆய்வாளர்களும் 2002இல் காட்டினார்கள். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடியது. செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாவது 23 சதவீதமும், வேலையில் நிறைவின்மை 15 சதவீதமும் கூடின. நோயாளியின் உயிரும் செவிலியரின் மனநிறைவும் ஒரே டியூட்டி சார்ட்டில் பிணைந்து கிடக்கின்றன.

ஊதியத்தைத் தொடாமல் மனநிறைவைப் பேசுவது நேர்மையாகாது. தனியார் மருத்துவமனைகளில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆணைப்படி அமைந்த குழு பரிந்துரைத்தது. பெரும்பாலான இடங்களில் அது காகிதத்திலேயே நிற்கிறது. அரசுப் பணியும் விலக்கல்ல. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி 2015இல் சேர்ந்தவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் திரண்டு கேட்டது பணி நிரந்தரமும் முறையான சம்பளமும்தான். தன் சீனியர் போராட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் மாணவி, நான்காம் ஆண்டிலேயே வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினால் அவளைக் குறை சொல்ல முடியாது.

இணையவழிக் கல்வி உண்மையில் பெரிய உதவி செய்யக்கூடியது பணியில் இருக்கும் செவிலியருக்கு. டிப்ளமா முடித்தவர் வேலையை விடாமலே பட்டம் பெற இக்னோ 1994இலேயே வழி திறந்தது. இன்று பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். அதில் ஒரு பகுதியை இணையத்தில் முடிப்பது பயண அலைச்சலைக் குறைக்கும். ஆனால் நைட் டியூட்டி முடித்து, ஹேண்டோவர் கொடுத்து, வீட்டில் சமைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, தூங்க வேண்டிய நேரத்தில் அந்த வகுப்பில் உட்காரச் சொல்வது கல்வியாகாது. அது ஊதியமில்லாத இன்னொரு ஷிப்ட்.

ஆகவே இவ்விதழ் கேட்பது இரண்டு. தொடர்கல்வி மணிகளை மருத்துவமனைகள் பணிநேரத்திலேயே சேர்த்து டியூட்டி சார்ட் போட வேண்டும். கல்லூரிகள் தியரியில் ஒரு பகுதியை இணையத்துக்கு மாற்றி, மிச்சமாகும் ஆசிரியர் நேரத்தை வார்டுக்கு அனுப்ப வேண்டும். மாணவி முதல் கேனுலா போடும்போது அவள் பக்கத்தில் ஆசிரியர் நிற்க வேண்டும். அந்த ஆசிரியரைக் காட்டி ஸ்டாஃப் நர்ஸ் பணியிடங்களைக் குறைக்க எந்த நிர்வாகத்தையும் அனுமதிக்கக் கூடாது.