மூன்று மொழிகளுக்கு நடுவே தடுமாறும் பிள்ளை: சோம்பேறித்தனமா, டிஸ்லெக்சியாவா?

கோலசிலாங்கூர் - 2024-ஆம் ஆண்டு முதலாமாண்டில் பயின்ற ஏறக்குறைய 448,000 மாணவர்களைக் கல்வி அமைச்சு சோதித்தபோது, 122,000-க்கும் அதிகமானோர் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றின் அடிப்படைத் திறன்களை அடையவில்லை எனத் தெரியவந்தது. இவர்களில் பலருக்குக் கூடுதல் பயிற்சியே போதும். ஆனால், எத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாலும் எழுத்து மனதில் நிற்காத பிள்ளைகளும் இவர்களிடையே இருக்கக்கூடும். அவர்களில் சிலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா.

டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அன்று. கண் பார்வைக் கோளாறும் அன்று. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைப்பதில் ஏற்படும் சிரமம். 1896-இலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், நல்ல அறிவுத்திறன் இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியுள்ளார். இந்தச் சிரமம் பெரும்பாலும் குடும்ப வழியில் வருகிறது.

இந்தக் கடைசித் தகவல்தான் தோட்டப்புறங்களில் அதிகம் கவனிக்கப்பட வேண்டியது. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பிள்ளை படிக்கத் தடுமாறினால், அதற்கு விளக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, பாலர் பள்ளிக்குப் போகவில்லை, கைப்பேசியே கதி. இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வறுமையைக் காரணமாகச் சொன்னதும் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. "அவன் அப்பாவுக்கும் படிப்பு ஏறவில்லை" என்ற பேச்சு, மருத்துவர் கேட்க வேண்டிய குடும்ப வரலாறு. தோட்டத்திலோ அது வெறும் தலையெழுத்தாகிவிடுகிறது.

மொழியும் ஒரு காரணம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஏழு வயதில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளையும் இரண்டு எழுத்து முறைகளையும் ஒரே நேரத்தில் கற்கிறது. தமிழில் 'கொ' என்ற எழுத்தின் குறிகள் 'க'வுக்கு இரு பக்கமும் நிற்கின்றன; ஒலியோ ககரத்திலிருந்தே தொடங்குகிறது. ல, ள, ழ என்பனவும் ண, ந, ன என்பனவும் காதுக்கு நெருக்கமானவை. எந்தப் பிள்ளையும் இங்கே சறுக்கும். மற்றப் பிள்ளைகள் சில மாதங்களில் தாண்டிவிடும் இந்த இடத்தை டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை இரண்டு ஆண்டுகளானாலும் தாண்டுவதில்லை.

2010-இல் தொடங்கிய லினுஸ் திட்டம் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. 2013-இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழ் எழுத்தறிவு அதில் இல்லை. மலாயில் தடுமாறும் பிள்ளையை 'வீட்டில் மலாய் பேசாத பிள்ளை' என்று ஒதுக்கிவிடுவது எளிது. தாய்மொழியிலும் அதே தடுமாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அதைப் பார்க்கக்கூடியவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் கைவிடப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு கூடியிருப்பதால், அவரது கவனிப்புக்கு இன்னும் மதிப்பு அதிகம்.

சந்தேகம் எழுந்தால் செல்ல வழி உண்டு. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பிறகு பள்ளியில் டிஸ்லெக்சியாவுக்கான சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி, அரசாங்க கிளினிக் அல்லது மருத்துவமனையில் மருத்துவரின் உறுதியைப் பெறலாம். உறுதியானால் பிள்ளை சிறப்புத் தேவையுள்ள மாணவராகப் பதிவு பெறும். 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகா வழங்கும் ஓகேயு அட்டையில் கற்றல் சிரமமும் ஒரு பிரிவு. சிறப்புக் கல்வித் திட்டத்தில் சேர்ந்த மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம்.

ஆனால் நாள் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு மருத்துவமனைச் சந்திப்பும் ஒரு நாள் சம்பள இழப்பு. அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தை ஏளனம் செய்வதில் பயனில்லை. முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. 'மக்கு' என்பதும் முத்திரைதான். அட்டையாவது உதவி கொண்டுவரும்.

சென்னையில் 1991-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதனைக் குறைபாடாக ஏற்றுக்கொண்டது. தமிழ் பயிலும் பிள்ளைகளிடையே வேலை செய்த அந்த அனுபவத்தை இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளும் கேட்டுப் பெறலாம்.

அதுவரை வகுப்பில் செய்யக்கூடியவை பல. ஒரு நேரத்தில் ஒரே எழுத்து வரிசை. மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்வது. எழுதத் தடுமாறும் பிள்ளையிடம் வாய்மொழியாகப் பதில் கேட்பது. முழு வகுப்பின் முன் வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்தாமல் இருப்பது. இவற்றுக்கு மானியம் தேவையில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மண்டபத்துக்கும் கணினிக்கும் நிதி திரட்டிப் பழகியவை. முதலாமாண்டு முடிவதற்குள் தமிழ் வாசிப்பில் தேங்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பள்ளியிடம் கேட்டு, கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்வதும் அவர்களின் வேலைதான். ஏழு வயதில் கண்டறிந்தால் அது பாடம் நடத்தும் முறையின் சிக்கல். பதினைந்து வயதில் கண்டறிந்தால், அந்தப் பிள்ளை தன்னை முட்டாள் என்று நம்பியே எட்டு ஆண்டுகள் கழிந்திருக்கும்.