தலையில் அடிபட்ட நாய்

தோபியா தொலைதூரப் பயணம் புறப்பட்டபோது, வானதூதர் இரபேலோடு அவனுடைய நாயும் உடன் சென்றதாகத் தோபித்து நூல் கூறுகின்றது. மறைநூலில் நாய்க்கு நல்ல பெயர் கிடைப்பது அரிது. இங்கோ அது வீட்டாருள் ஒன்றாகவே நடக்கின்றது. நம் வீட்டு நாயும் பிள்ளைகளைத் தொடர்ந்து சாலையைக் கடப்பதுண்டு. அப்போது வண்டி மோதித் தலையில் அடிபட்டு, நினைவிழந்து கிடக்குமாயின், "இனிப் பிழைக்காது" என்று உடனே கைவிட்டுவிடுகின்றோம். அது பல வேளைகளில் அவசரத் தீர்ப்பே.

மூளைக்கு நேரும் கேடு இருவகைப்படும். மோதிய கணத்தில் சிதைந்ததை எந்த மருத்துவராலும் மாற்ற இயலாது. அதன்பின் மூளை வீங்குகின்றது. உள்ளே இரத்தமும் கசியக்கூடும். மண்டையோடு விரிந்து கொடாது. ஆதலின் உள்ளழுத்தம் ஏறி, மூளைக்கு வரவேண்டிய இரத்தமே குறைந்துபோகின்றது. சிகிச்சையெல்லாம் இந்த இரண்டாவது கேட்டைத் தடுப்பதற்கே.

அதன் தொடக்கம் வீட்டாரின் கையில் உள்ளது. கழுத்துப் பட்டையைக் கழற்றுக. அது தலையிலிருந்து இறங்கும் இரத்தத்தைத் தடுக்கும். கழுத்து வளையாமல் நாயை ஒரு பலகையில் கிடத்தி, தலைப்பக்கம் உயருமாறு பலகை முழுவதையும் சற்றுச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். 30 பாகைக்கு மேல் வேண்டா. தலைக்கு மட்டும் தலையணை வைப்பது கழுத்தை மடக்கிவிடும். வாயில் நீரோ பாலோ ஊற்றலாகாது, நுரையீரலுக்குள் போய்விடும். நாம் உண்ணும் வலி மாத்திரையும் கூடாது. வலியால் துடிக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். கடித்தால் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. வெறிநோயோடு விளையாட்டு வேண்டா.

கால்நடை மருத்துவர் முதலில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையுமே கவனிப்பார். பிராணவாயுவும் சிரைவழி நீர்மமும் தந்தபின், மானிட்டால் என்னும் மருந்தையோ செறிந்த உப்புநீரையோ செலுத்தி மூளையின் வீக்கத்தைக் குறைக்க முயல்வார். முன்பு ஸ்டீராய்டு ஊசி வழக்கமாக இருந்தது. தலையில் அடிபட்ட மனிதர் 10,000 பேருக்கு மேல் பங்குபெற்று 2004இல் வெளியான ஆய்வில், அம்மருந்து பெற்றோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. நாய்களுக்கும் இன்று அது பரிந்துரைக்கப்படுவதில்லை. அதைப் போடும்படி மருத்துவரை வற்புறுத்தவேண்டா.

நினைவு, கை கால் அசைவு, கண்மணியின் இயல்பு ஆகியவற்றுக்கு 3 முதல் 18 வரை மதிப்பெண் இடும் முறை ஒன்று உண்டு. 38 நாய்களைக் கொண்டு 2001இல் வெளியான ஆய்வின்படி, 8 மதிப்பெண் பெற்ற நாய் முதல் 48 மணி நேரத்தைத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

செலவு பற்றிய கேள்வியும் நியாயமானதே. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதத் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை அவற்றிற்குச் செலவிடலாகாது என்பது 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலின் போதனை. எனினும் பலகைக்கும் கழுத்துப் பட்டையைக் கழற்றுவதற்கும் காசு வேண்டியதில்லை.

வீடு திரும்பிய நாய் எழ இயலாதிருந்தால், சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். மாதங்கள் கழித்தும் வலிப்பு வரக்கூடும். வந்த நாளையும் நீடித்த நேரத்தையும் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுக. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் காத்திராமல் உடனே கொண்டுசெல்க.