பட்டாளத்துப் பையனுக்கும் பட்டம்!

துப்பாக்கி சுடுவதைத் தபாலில் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியாது. அதற்கு மைதானம் வேண்டும். அதட்டித் திருத்த ஒரு ஹவில்தார் வேண்டும். ஆனால் கணக்கும் மொழியும் சரித்திரமும் அப்படி அல்ல. முகாமில் இருந்தபடியே படிக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பட்டம் கொடுத்தால் என்ன?

நான்கு வருஷம், பிறகு?

2022 ஜூன் மாதம் மத்திய அரசு ‘அக்னிபத்’ திட்டத்தை அறிவித்தது. சேருகிறவர் அக்னிவீரர். நான்கு வருஷம் வேலை. நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரம். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்றது அறிவிப்பு. 18 வயதில் போனவன் 22 வயதில் திரும்புவான். கூடப் படித்தவனோ அதற்குள் பட்டதாரி ஆகியிருப்பான். மயிலாப்பூரானாலும் மதுரையானாலும் பெற்றோருக்கு இதுதான் கவலை.

பாதிக்குப் பாதி

இதற்கு வழியாக, இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்று வருஷப் பட்டப் படிப்பு அதே மாதம் அறிவிக்கப்பட்டது. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதி, ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும். மறுபாதிக்கு மொழி, பொருளாதாரம், கணக்கு, வணிகம், விவசாயம் போன்ற பாடங்களைப் படிக்க வேண்டும். ஒரு வருஷத்தோடு நின்றால் சான்றிதழ். இரண்டு வருஷமானால் டிப்ளமோ. மூன்றும் முடித்தால் பட்டம்.

பயிற்சியைப் படிப்பாகக் கணக்கிடுவது புதிதல்ல. நீலகிரி வெலிங்டனில் உள்ள ராணுவக் கல்லூரியில் பயிலும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்ஸி. பட்டம் தருகிறது. அதிகாரிக்கு உள்ளது சிப்பாய்க்கும் வேண்டாமா?

பாடம் எப்படி இருக்க வேண்டும்?

கல்லூரிப் பாடத்தை அப்படியே அனுப்பினால் போதாது. சிப்பாய் இன்று சமவெளியில் இருப்பான். நாளை பனிமலையில் இருப்பான். செல்போனில் சிக்னல் இராது. சந்தேகம் கேட்க வாத்தியாரும் இல்லை. ஆகவே பாடம் சிறு சிறு பகுதிகளாக வேண்டும். தானே படித்தால் புரிய வேண்டும். விட்ட இடத்தில் தொடர முடிய வேண்டும். காவல் பணியால் பரீட்சை தவறினால், மறு தேதி வேண்டும்.

அதற்காகப் பரீட்சையில் சலுகை கூடாது. அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி., 2020-ல் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. பாடத்தை வீட்டிலேயே படிக்கலாம்; பரீட்சைக்கு நேரில் போக வேண்டும். இந்தக் கண்டிப்புதான் பட்டத்துக்கு மதிப்பு. மதிப்பில்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை தேட முடியுமா?

முதலில் சேர்ந்த அக்னிவீரர்களின் நான்கு வருஷம் 2026 கடைசியை ஒட்டி முடிகிறது. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பும் பெற்றோர், “சம்பளம் வந்ததா?” என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. “படிப்பில் பெயர் பதிந்தாயா?” என்றும் கேட்க வேண்டும்.