பைகளுக்குக் காவல் இருக்கும் குழந்தைகள்

பி.டி. பீரியட் மணி அடித்ததும் வகுப்பறை காலியாகிவிடும். ஒரு பிள்ளை மட்டும் பெஞ்சிலேயே இருக்கும், மற்றவர்களின் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலாக. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் போராடிப் பள்ளியில் சேர்த்த பெற்றோர் பலருக்கும் பழகிப்போன காட்சி இது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான். ஆனால், வகுப்பிலேயே அந்தப் பீரியட் மிகவும் தேவைப்படும் பிள்ளையைத்தான் நாம் உள்ளே உட்காரவைக்கிறோம்.

மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளைக்கு நேர்ந்த காயம். குறைமாதப் பிறப்பு, பிரசவ நேரத்து மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. உலக அளவில் 1,000 பிறப்புகளுக்கு 2 முதல் 3 குழந்தைகள் வரை இதனால் பாதிக்கப்படுகிறார்கள். அந்தக் காயம் பெரிதாவதில்லை. குழந்தையின் உடல்தான் வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்க முடியாமல், குதிகால் தரையில் படாது, முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஆறு வயதில் சுவரைப் பிடித்து நடந்த பிள்ளை, எடை கூடும் பதின்ம வயதில் நடையை இழப்பது இப்படித்தான். ஆறு வயதில் ‘கொஞ்சம் நடக்கிறாளே, போதும்’ என்று விட்டுவிடுவது ஆபத்து.

பிசியோதெரபி என்றால் மேசையில் படுக்கவைத்துக் காலை நீட்டி மடக்கிவிடுவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பலம் கூட்டும் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் அதிகமாகிவிடும் என்று முன்பு சிகிச்சையாளர்களே அஞ்சியதுண்டு. ஆய்வுகள் அந்த அச்சத்தைத் தள்ளிவிட்டன. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் தலைமையிலான குழு 2020இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு தெளிவாகவே சொல்கிறது: குழந்தை தானாக முயன்று, தனக்கு வேண்டிய ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் பலன், அடுத்தவர் கை இழுத்துவிடுவதால் மட்டும் பெரிதாக எதுவும் மாறாது. கனடாவின் பீட்டர் ரோசன்பாமும் யான் விலெம் கோர்ட்டரும் 2012இல் இத்தகைய குழந்தைகளுக்கு இன்றியமையாதவை என்று ஆறைக் குறிப்பிட்டார்கள்: செயல்திறன், குடும்பம், உடல்திடம், மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம். இவற்றில் குறைந்தது நான்கு மைதானத்திலேயே கிடைத்துவிடும். சிகிச்சை அறையில் பத்து முறை எழுந்து நிற்க அழும் குழந்தை, பந்துக்காக முப்பது முறை எழும்.

உத்தரப்பிரதேசத்தின் பிரீத்தி பால் காலிப்பர் அணிந்து வளர்ந்தவர். தசை இறுக்கமும் இயக்க ஒருங்கிணைவுச் சிக்கலும் உள்ளவர்களுக்கான டி35 பிரிவில், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கின் 100 மீட்டரை 14.21 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். 200 மீட்டரிலும் வெண்கலம். பாராலிம்பிக் ஓட்டப் பந்தயங்களில் இந்தியா பெற்ற முதல் பதக்கங்கள் அவை. எல்லாக் குழந்தையும் ஓடிவிடாது என்பது நமக்குத் தெரியும். கழுத்தையே நிமிர்த்த முடியாத பிள்ளைக்கும் விளையாட்டு உண்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் போச்சியா, மூளை முடக்குவாதம் உள்ளவர்களை மனதில் வைத்து உருவானது. உட்கார்ந்தபடியே வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தன் பந்தைச் சேர்க்க வேண்டும். கையால் எறிய இயலாதவர் சரிவுப் பலகை வழியே உருட்டலாம். 12.5 மீட்டருக்கு 6 மீட்டர் சமதரையும் சாக்பீஸ் கோடுகளும் இருந்தால் களம் தயார். பந்து கிடைக்கும்வரை மணல் அடைத்த துணிப் பந்து போதும்.

இந்தப் பிள்ளைகளை விளையாட்டில் சேர்ப்பதை முதலில் செய்துகாட்டும் தகுதி செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இயங்குகிறது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரம் 2022இல் செஸ் ஒலிம்பியாட்டையும் 2025இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியையும் நடத்தியது. உலகத்தை வரவேற்ற கடற்கரைக்கு, பக்கத்து ஊர்ப் பிள்ளையைச் சக்கர நாற்காலியோடு அலை வரைக்கும் அழைத்துப்போக முடியாதா? கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. மெரினாவில் அவர்களுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப் பாதையை, மறுமாதமே மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல் சிதைத்தது. அதைச் செப்பனிட்டோம். அதே அக்கறை மாமல்லபுரத்துக்கும் வேண்டும்.

ஆனால் கடற்கரையைவிட அவசரமானது பள்ளி. சித்தாமூரிலோ லத்தூரிலோ இருக்கும் தாய், இடுப்பில் குழந்தையோடு இரண்டு பஸ் மாறி பிசியோதெரபிக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால்தான் வட்டார வள மையங்களில் இயன்முறை சிகிச்சையாளர்களும் சிறப்புப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். தொகுப்பூதியத்தில், ஒருவரே பல பள்ளிகளுக்கும் பல வீடுகளுக்கும் அலைகிறார்கள். 2024-25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, அதிகம் பேசப்படாமல் போனது இவர்களின் வேலைதான். அந்த நிதியைத் தன் நிபந்தனையை ஏற்கவைக்கும் பிடியாக ஒன்றிய அரசு வைத்திருந்தது அநீதி. அதைக் காரணம் காட்டி மாநில அரசும் இந்தப் பணியிடங்களைத் தற்காலிகமாகவே வைத்திருக்கக் கூடாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகவே அங்கீகரிக்கிறது. எனவே இதைச் சலுகையாக யாரும் கேட்கவில்லை. மாவட்டத்தின் எட்டு ஒன்றியங்களிலும் இயன்முறை சிகிச்சையாளரும் உடற்கல்வி ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் எந்த விளையாட்டு, வாரம் எத்தனை முறை, இடுப்பு மூட்டையும் வலியையும் யார் கவனிப்பது என்று எழுதித் தர வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு முட்டுக்காடு நிறுவனம் பயிற்சி தரட்டும். விழுந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொண்ட ஆசிரியர் பயப்பட மாட்டார். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது, வருகைப் பதிவேட்டில் இருக்கும் இந்தப் பிள்ளைகளின் பெயர் பி.டி. பீரியட் பட்டியலிலும் இருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் கேட்டுப் பார்க்க வேண்டும்.