அகலம் இல்லாத கோடு

நகரியிலிருந்து திருத்தணிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். தெலுங்குப் பலகைகள் தீர்ந்து தமிழ்ப் பலகைகள் தொடங்குகின்றன. பேச்சு அப்படிச் சட்டென்று மாறுவதில்லை. இரண்டு பக்கமும் இரண்டு மொழியும் புழங்குகின்றன. நடுவில் எங்கேயோ ஆந்திர எல்லைக்கோடு இருக்கிறது. அதன் அகலம் என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. ஓர் அங்குலம் இருந்தால்கூட அந்த அங்குலம் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்துவிடும். எல்லைக் கல்லுக்கு அகலம் உண்டு, எல்லைக்கு இல்லை.

கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்று சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு யூக்ளிட் எழுதிவைத்ததும் இதைத்தான். புள்ளிக்கு அதுவும் இல்லை. பகுதி என்று எதுவுமே இல்லாதது புள்ளி என்றார். அவருடைய ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் முதல் பாகம் இப்படி 23 வரையறைகளோடு தொடங்குகிறது.

திருப்பதியில் விடிகாலையில் வாசல்களில் வைக்கப்படும் புள்ளிக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. கோலமாவுப் புள்ளிக்கு அகலம் உண்டு. எறும்பு வந்து தின்னவும் செய்யும். இந்த விஷயத்தில் தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி: கோலத்தில் வைப்பது சுக்க, பாடப் புத்தகத்தில் இருப்பது பிந்துவு. தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டுமே புள்ளிதான். கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் அதுவே பிரித்துக்கொள்ள வேண்டும். கோடு இன்னும் சங்கடம். பழந்தமிழில் கோடுதல் என்றால் வளைதல். நடுநிலை தவறாததற்குக் கோடாமை என்று பெயர். அந்தக் காதோடு கேட்டால் ‘நேர்கோடு’ என்பதே விசித்திரமாக ஒலிக்கும். தெலுங்கில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அது ரேகை, பாடமே ரேகாகணிதம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூக்ளிடை அரபி வழியாக சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்த ஜகந்நாத சாம்ராட் தன் நூலுக்கு வைத்த பெயரும் அதுதான்.

மொழிபெயர்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு தொல்லை உண்டு. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் அகராதி இன்னொரு சொல்லிடம் அனுப்பும்; அங்கே போனால் மூன்றாவது; கடைசியில் முதல் சொல்லிடமே திரும்பி வந்து நிற்போம். யூக்ளிடுக்கும் அதே தொல்லைதான். பகுதி இல்லாதது புள்ளி, சரி. பகுதி என்றால் என்ன? நீளம் என்றால்? எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும்.

1899இல் ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் முதல் அடியிலேயே நிறுத்திவிட்டார். புள்ளி, கோடு, தளம் – மூன்றுக்கும் வரையறை கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று அமைவது, இரண்டுக்கு இடையில் இருப்பது போன்ற உறவுகளுக்கும் கிடையாது. இவை ஒன்றுக்கொன்று எப்படி நடந்துகொள்ளும் என்ற விதிகள் மட்டும் உண்டு. இந்தச் சொற்களை எடுத்துவிட்டு மேஜை, நாற்காலி, பீர் குவளை என்று வைத்தாலும் கணிதம் குலையக்கூடாது என்று அவர் ஒரு ரயில் நிலையத்தில் சொன்னதாகக் கதை உண்டு. நம் ஊருக்கு இட்லி, தோசை, சட்னி என்று வைத்துக்கொள்ளலாம். எந்த இரண்டு இட்லிகள் வழியாகவும் ஒரே ஒரு தோசைதான் செல்லும் என்ற விதியை ஒப்புக்கொண்டால் போதும்.

ஆட்டம் முழுக்க அந்த விதிகளில் இருக்கிறது. யூக்ளிட் வைத்த ஐந்து எடுகோள்களில் கடைசியானது இணைகோடு பற்றியது. ஒரு கோட்டுக்கு, வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம் என்று அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். பல நூற்றாண்டுகள் இதை நிரூபிக்க முயன்று தோற்றார்கள். ஒன்றுக்கு மேல் வரையலாம் என்று வைத்துக்கொண்டு ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829லும் ஹங்கேரியின் போயாய் 1832லும் வேறொரு வடிவகணிதத்தையே கட்டிக் காட்டினார்கள். அதில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180க்குக் குறைவு. ஆனால் எங்கும் உள்முரண்பாடு இல்லை. எது சரி என்ற கேள்விக்கு முன்னால், எதை ஒப்புக்கொண்டு தொடங்கினாய் என்ற கேள்வி வந்துவிட்டது.

சித்தூர் எல்லைக்கு வருவோம். தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் சொல்கிறது. கோடு எதுவும் இல்லை, இரண்டு புள்ளிகள்தான். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரா பிறந்தபோது சித்தூர் மாவட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் போனது. வேங்கடத்தை விடமாட்டோம் என்று ம.பொ.சி. போராடினார். 1955இல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் பொதுவாக மாவட்டத்தையே அலகாகக் கொண்டது. அப்படித் தொடங்கினால் சித்தூரைத் துண்டு போட வழியே இல்லை. அடுத்து மத்தியஸ்தராக வந்த படாஸ்கர் கிராமத்தை அலகாக்கினார். மொழிப் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி என்று விதிகளை வைத்தார். விளைவு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி அங்கேயே இருந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் மலை நகரவில்லை, ஜனங்கள் மொழி மாறவில்லை. மாறியது அலகு மட்டும்தான். விடை ஏதோ மண்ணுக்குள் புதைந்திருந்தது போலத்தான் இரு தரப்பும் பேசின. கோட்டைப் பற்றிப் போட்ட சண்டையில் பாதியையாவது அலகைப் பற்றிப் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. கிராமம் என்பதும் ஹில்பர்ட்டின் புள்ளி மாதிரி, உள்ளே பிரித்துப் பார்க்கக்கூடாத ஒன்றாகவே வைக்கப்பட்டது. பார்த்தால் தெருவுக்குத் தெரு மொழி மாறும். அம்மா தமிழ், அப்பா தெலுங்கு என்ற வீட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது?

2022 ஏப்ரல் 4இல் ஆந்திராவே தன் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமானது. ஒரு காலத்தில் செங்கல்பட்டைச் சேர்ந்திருந்து, பிறகு சித்தூரைச் சேர்ந்த சத்தியவேடு, இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.