துரையின் நோட்டுப் புஸ்தகம்

நீங்கள் வீட்டுக் கணக்கு எழுதுவதுபோல, கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்கார அதிகாரிகள் தினமும் நோட்டு எழுதினார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் துரையின் குறிப்புகள் 1830-ல் லண்டனில் புஸ்தகமாகவே வந்தன. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்கிறார் அதில். அந்தக் குருவையே 1801-ல் காட்டில் வேட்டையாடிய படையில் இந்தச் சீடரும் இருந்தார்! காயத்தோடு பிடிபட்டவரை அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். துரை வருந்தித்தான் எழுதுகிறார். வருந்தி என்ன பயன்?

கைலாசபுரத்துச் சகோதரிகளே, அடுத்த முறை ஸ்ரீரங்கம் போனால் கோயில் மதிலைச் சற்று நின்று பாருங்கள். அதே ஆண்டு ஜூன் 16-ல் சின்ன மருதுவின் போர் அறிக்கை அங்கேயும் திருச்சிக் கோட்டை வாசலிலும் ஒட்டப்பட்டது. அதன் வாசகம் நமக்குக் கிடைத்திருப்பது, அவரைத் தூக்கிலிட்ட கம்பெனியாரின் பதிவேடுகளிலிருந்துதான்.